கிகுயு மரபைப் போற்றிக்கொண்டே பாலியல் வன்முறைக்கு எதிராக நிற்க முடியுமா?

நைரோபியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது: "என்னோடு வேலை செய்யும் கிகுயு பெண் ஒருவர் தன் இனத்தின் பழக்கவழக்கங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசிக்கொண்டே இருப்பார். அதே ஆள் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்குத் துணை நிற்கும் அமைப்பிலும் இருக்கிறார். பெண்ணுக்கு ஆடு எண்ணிக் கொடுத்துக் கல்யாணம் செய்கிற மரபைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இந்த வேலையையும் செய்வது முரணாக இல்லையா? அப்புறம், இந்த மாதிரி விஷயத்தை ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டால் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே, உண்மையா?"

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில் உண்டு, கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்கு என் பதில், முரண் இல்லை என்பதுதான். கிகுயு பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தச் சண்டையைத் தங்கள் மரபுக்குள் நின்றுதான் போட்டிருக்கிறார்கள், மரபோடு போட்ட சண்டையும் அதில் அடக்கம். அந்தச் சண்டை எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கிறது. ஒரு பெண்ணின் மேல் வன்முறை நடந்தால், அது யாருக்கு நடந்த அநியாயம்? அவளுக்கா, அவள் அப்பாவுக்கா, குலத்துக்கா, அரசுக்கா?

கிகுயுக்கள் கென்யாவின் மிகப்பெரிய இனம். 2019 மக்கள்தொகைக் கணக்கில் நாட்டின் 4 கோடியே 75 லட்சம் பேரில் சுமார் 81 லட்சம் பேர். கியாம்பு, முராங்கா, நியேரி, கிரின்யாகா, நியாண்டாருவா மாவட்டங்கள் அவர்களுடைய பூர்விக நிலம். கென்யா மலைக்குக் கிகுயுவில் கிரின்யாகா என்று பெயர், அங்கேதான் ங்காய் என்ற கடவுள் தங்குவதாக நம்பிக்கை. ங்காய் முதல் மனிதன் கிகுயுவுக்கு மும்பி என்ற மனைவியைக் கொடுத்தார், இருவரும் இன்றைய முராங்காவில் உள்ள முகுர்வே வா ந்யகதாங்காவில் குடியேறினார்கள், அவர்களுக்குப் பிறந்தது அத்தனையும் பெண் பிள்ளைகள். "நிறைந்த ஒன்பது" என்று சொல்வார்கள். உண்மையில் பத்துப் பேர், ஆனால் ஆட்களைத் துல்லியமாக எண்ணிச் சொன்னால் ஆகாது என்பதால் ஒன்பதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். குலங்கள் எல்லாம் அந்த மகள்களின் வழி வந்தவை. வஞ்சிரு, வம்புய், வங்கரி, வைரிமு என்று இன்று நைரோபியில் நீங்கள் கேட்கிற பெயர்கள் எல்லாம் அந்த மகள்களின் பெயர்கள்தான்.

நிலம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும், குலத்தின் பெயர் மட்டும் பெண்ணுடையது. இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. பின்னாளில் கென்யாவின் முதல் ஜனாதிபதியான ஜோமோ கென்யாட்டா 1938-ல் லண்டனில் வெளியிட்ட தன் இனவரைவியல் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஆதியில் பெண்கள்தான் ஆண்டார்களாம். அவர்களைக் கவிழ்க்க ஆண்கள் ரகசியமாகக் கூடித் திட்டம் போட்டார்கள்: எல்லாப் பெண்களையும் ஒரே காலத்தில் கர்ப்பமாக்குவது, அவர்கள் எழுந்து சண்டை போட முடியாத மாதத்தில் ஆட்சியைப் பிடிப்பது. அப்படியே நடந்தது. அப்புறம் குலப் பெயர்களையும் மாற்றப் பார்த்தபோது பெண்கள் கொதித்து எழுந்து, இனிமேல் பிள்ளையே பெற மாட்டோம் என்று சொல்லிவிட, ஆண்கள் பின்வாங்கினார்கள். குழந்தைகளுக்குச் சாதாரணமாகச் சொல்கிற கதை இது. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால், ஒரு பெண்ணின் உடம்பை அவளுக்கு எதிரான ஆயுதமாக்கி அதிகாரத்தைப் பிடிக்க முடியும் என்பது அந்த இனத்தின் ஆதிக் கதையிலேயே ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கிறது. அதை எதிர்த்துப் பெண்கள் ஒன்றாகப் பேசினால் ஒன்றையாவது காப்பாற்ற முடியும் என்பதும் அதே கதையில் இருக்கிறது.

சரி, பழைய முறையில் வன்புணர்வை எப்படிப் பார்த்தார்கள்? குற்றமாகத்தான் பார்த்தார்கள். கியாமா என்ற பெரியவர்கள் சபை விசாரித்து, செய்தவன் வீட்டார் ஆடு செம்மறி என்று ஈடு கட்ட வேண்டும். ஆனால் அந்த ஈடு போய்ச் சேர்ந்தது பெண்ணிடம் அல்ல, அவள் அப்பாவிடமும் குடும்பத்திடமும். கல்யாணமானவள் என்றால் கணவன் தரப்புக்கு. சபையில் பேசியவர்கள் ஆண்கள். இந்த இடத்தில் மரபுக்கு வக்காலத்து வாங்க எதுவும் இல்லை என்பது என் கருத்து.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தாஹு என்று ஒரு தீட்டுக் கருத்து அவர்களிடம் உண்டு. பாவம் செய்தவனுக்கு மட்டும் வருவது இல்லை அது, தப்பே செய்யாத ஆளுக்கும் தொற்றும். தொற்றினால் முண்டு முகோ என்ற வைத்தியர் வந்து ஆடு அறுத்து, அதன் இரைப்பைச் சாறும் மூலிகையும் வைத்து, தீட்டை வாந்தியாகத் துப்ப வைப்பார். ஒவ்வொரு தடவை துப்பும்போதும் இன்ன தீட்டு, இன்ன தீட்டு என்று பெயர் சொல்லிச் சொல்லித் துப்ப வேண்டும். பாதிக்கப்பட்டவளையே தீட்டுப்பட்டவள் என்று சொல்வதில் உள்ள அநியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் நடந்ததை எல்லார் முன்னாலும் பெயர் சொல்லித் துப்பிவிட்டு, அன்றோடு அவள் மறுபடி சுத்தமானவள், எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று ஊரே ஒப்புக்கொண்ட ஒரு முறை அங்கே இருந்தது. பின்னாளில் சடங்கு போய்விட்டது, அவமானம் மட்டும் மிச்சமாக நின்றது. அது எந்த விதத்திலும் முன்னேற்றம் இல்லை.

உங்கள் ஆட்டுக் கணக்குக்கு வருகிறேன். ருராசியோ என்ற அந்த மணக்கொடையை விலை என்று மட்டும் பார்ப்பது அவசரத் தீர்ப்பு. பேச்சு தொடங்கும்போதே பெண்ணைச் சபைக்குக் கூப்பிட்டு, இந்த வீட்டார் கொண்டுவந்திருக்கும் ந்ஜோஹியை, அதாவது வீட்டில் காய்ச்சிய மதுவை, நாங்கள் குடிக்கலாமா என்று கேட்பார்கள். அவள் குடியுங்கள் என்றால்தான் குடிப்பார்கள். எல்லார் முன்னாலும் அவள் வாயால் சம்மதம் வர வேண்டும், அதற்கு அப்புறம்தான் ஆடு, ங்குராரியோ என்ற நிறைவுச் சடங்கு எல்லாம். இதில் மறுக்க முடியாதபடி அழுத்தம் இருந்திருக்கும், எல்லாப் பெண்ணும் மனசாரச் சொல்லியிருக்க மாட்டாள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் கூடாது என்பது சடங்கிலேயே இருக்கிறது. உங்கள் சக ஊழியர் மாதிரியான பெண்கள் பிடித்துக்கொண்டு பேசுவது இதைத்தான்: ஒரு தடவை கேட்டு வாங்கிய சம்மதம் ஆயுசுக்கும் செல்லுபடியாகாது, நாளைக்கும் கேட்க வேண்டும், கல்யாணத்துக்கு அப்புறமும் கேட்க வேண்டும். கென்யச் சட்டம் இன்னும் அங்கே வந்து சேரவில்லை. 2006-ன் பாலியல் குற்றச் சட்டத்தில் சம்மதம் பற்றிய 43-ஆவது பிரிவு கணவன் மனைவிக்குப் பொருந்தாது என்றே எழுதியிருக்கிறது. 2015-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் திருமணத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறையையும் வன்முறை என்று சேர்த்துக்கொண்டது, பாதுகாப்பு உத்தரவு வாங்க முடியும், அவ்வளவுதான்.

இனி வரலாறு. இதைச் சொல்லாமல் அந்தப் பெண்ணின் பெருமையைப் புரிந்துகொள்ள முடியாது.

1920-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்களின் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க, அரசு வைத்த தலைவர்களின் அடியாட்கள் ஊருக்குள் போய்ப் பெண்களையும் சிறுமிகளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே அவர்களுக்கு என்ன நடந்தது என்பது ஊரறிந்த விஷயம். ஹாரி துக்கு என்ற இளைஞர் இதை வெளிப்படையாகக் கண்டித்துப் பேச, பெண்கள் அவரைப் பாட்டுக் கட்டிக் கொண்டாடினார்கள். 1922 மார்ச் 14-ல் அவரைக் கைது செய்தார்கள். 16-ஆம் தேதி நைரோபி போலீஸ் நிலையத்துக்கு முன்னால் கூட்டம் திரண்டது. ஆண் தலைவர்கள் அரசோடு பேசிவிட்டு வந்து, கலைந்து போங்கள் என்றபோது மேரி முதோனி ந்யஞ்சிரு என்ற பெண் முன்னால் வந்து தன் ஆடையைத் தலைக்கு மேல் தூக்கி, என் உடையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் கால்சட்டையை எங்களிடம் கொடுங்கள் என்று ஆண்களைப் பார்த்துக் கத்தினார். கூட்டம் முன்னேறியது, போலீஸ் சுட்டது. அரசுக் கணக்கிலேயே 20-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள், ந்யஞ்சிருவும் அதில் ஒருவர்.

அவர் செய்தது திடீர் ஆவேசம் இல்லை. குதுராமா என்று அதற்குப் பெயர். தாயின் வயதில் இருப்பவள் கோபத்தில் தன் உடம்பைக் காட்டினால் பார்த்த ஆணுக்கு அது கடும் சாபம். 1992 மார்ச்சில் அரசியல் கைதிகளின் தாய்மார்கள் உஹுரு பூங்காவில் உண்ணாவிரதம் இருந்தபோது மறுபடி இது நடந்தது. நியேரிக்காரரான வங்காரி மாத்தாய் கூடவே இருந்தார். போலீஸ் தடியடியில் அவர் மயங்கி விழ, வயதான தாய்மார்கள் சிலர் மார்பைத் திறந்து காட்டி போலீஸ்காரர்களைச் சபித்தார்கள். தன் உடம்பு யாருக்கு எப்போது தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது அந்தப் பெண்தான், அந்த முடிவுக்குப் பெரும் சக்தி உண்டு என்பதை மரபே ஒப்புக்கொள்கிறது. 2014-ல் நைரோபியில் பேருந்து நிறுத்தத்தில் பெண்களின் உடையை ஆண்கள் கிழித்து அவமானப்படுத்தியபோது நவம்பர் 17-ஆம் தேதி பெருங்கூட்டம் ஊர்வலம் போனது. "ஆப்பிரிக்கக் கலாசாரம்" என்று சொல்லித்தான் அந்த ஆண்கள் கிழித்தார்கள். ந்யஞ்சிருவின் கதை தெரிந்தவர்களுக்கு அந்தச் சாக்கு எவ்வளவு பொய் என்பது தெரியும்.

அப்புறம் 1952-லிருந்து அவசரநிலை. நிலத்துக்கும் விடுதலைக்குமாக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை அடக்க பிரிட்டிஷ் அரசு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிகுயுக்களை முள்வேலி போட்ட கிராமங்களுக்குள் அடைத்தது. விசாரணை முகாம்களில் பாலியல் சித்திரவதை நடந்தது. ஜேன் முதோனி மாரா என்பவர் 1954-ல் 15 வயதுச் சிறுமி, போராளிகளுக்குச் சாப்பாடு கொடுத்தார் என்று பிடித்துக்கொண்டு போய், சுடுநீர் நிரப்பிய பாட்டிலால் அவரைச் சித்திரவதை செய்தார்கள். அவர் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 2009-ல், லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட ஐந்து பேரில் ஒருவர். மற்றவர்களில் ஆண்மை நீக்கம் செய்யப்பட்டவரும் உண்டு. காலம் கடந்துவிட்டது என்ற பிரிட்டிஷ் அரசின் வாதத்தை 2012 அக்டோபரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 ஜூன் 6-ல் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ஹேக் நாடாளுமன்றத்தில் வருத்தம் தெரிவித்தார், 5,228 பேருக்கு மொத்தம் 1 கோடியே 99 லட்சம் பவுண்டு என்று உடன்பாடு ஆனது. சட்டப் பொறுப்பை மட்டும் கடைசி வரை ஏற்கவே இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பணம் இல்லை. பேரப்பிள்ளை எடுத்த ஒரு கிகுயுப் பாட்டி, தன் வீட்டிலேயே பல வருஷம் வாய் திறந்து சொல்லியிருக்க முடியாத ஒன்றை, தன் பெயரிலேயே, தனக்கு நடந்த அநியாயமாக ஒரு நீதிமன்றத்தில் சொன்னார். அப்பாவுக்கு நடந்ததாக இல்லை, இனத்துக்கு நடந்ததாகவும் இல்லை. கிகுயுவில் ஒரு பழமொழி எல்லாருக்கும் தெரியும், "ஷியா முஷீ தி ஷோமோ", வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று அர்த்தம். உறவுக்காரனே குற்றவாளியாக இருக்கும் வீடுகளில் சிறுமிகளின் வாயை அடைக்க இன்றைக்கும் இதைத்தான் எடுப்பார்கள். ஜேன் முதோனி மாரா மாதிரி ஒருவர் பேசியபிறகு அந்தப் பழமொழிக்குப் பழைய பலம் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிகுயுக்கள் எப்போதும் பாதிக்கப்பட்ட பக்கம் மட்டும் இருந்தவர்கள் இல்லை. 2007 டிசம்பர் தேர்தலுக்கு அப்புறம் வெடித்த கலவரத்தில் பிளவுப் பள்ளத்தாக்குப் பகுதியில் கிகுயுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அதே வாரங்களில் நைவாஷாவிலும் நகுருவிலும் கிகுயு ஆண்கள் லுவோ ஆண்களைப் பிடித்துக் கட்டாய விருத்தசேதனம் செய்தார்கள், சிலரைச் சிதைத்தே விட்டார்கள். கிகுயு மரபில் விருத்தசேதனம் ஆண்பிள்ளையை ஆளாக்கும் சடங்கு, ஒரே வருஷம் சடங்கு முடித்தவர்கள் ரீகா என்ற வயதுக் குழுவாக ஆயுசுக்கும் சகோதரர்கள். அந்தப் புனிதமான சடங்கையே எடுத்து அடுத்த இனத்தானை அவமானப்படுத்தும் பாலியல் வன்முறையாக்கினார்கள். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2012-ல் இதைப் பாலியல் வன்முறை என்ற தலைப்பில் சேர்க்காமல் "பிற மனிதாபிமானமற்ற செயல்கள்" என்று வகைப்படுத்தியது. பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர்கள் அதை ஏற்கவில்லை, அவர்கள் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். மரபின் மேல் உண்மையான மரியாதை உள்ள கிகுயு யாரும் இதைத்தான் முதலில் கண்டித்திருக்க வேண்டும். கண்டித்தவர்கள் இருந்தார்கள், போதுமான அளவு இல்லை.

அந்தக் கலவரத்தில் நடந்த பாலியல் வன்முறைச் சம்பவங்கள் 900-க்கும் மேல் என்று அரசு அமைத்த விசாரணை ஆணையமே சொன்னது. 6 பெண்களும் 2 ஆண்களுமாக எட்டுப் பேர், சில அமைப்புகளின் துணையோடு, 2013-ல் கென்ய உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 டிசம்பர் 10-ல் தீர்ப்பு: அரசு விசாரிக்கவும் தண்டிக்கவும் தவறியது, 4 பேருக்கு தலா 40 லட்சம் ஷில்லிங். எட்டுப் பேரில் நாலு பேருக்குத்தான், ஏழு வருஷம் கழித்து. குறைதான், ஆனால் ஈடு அவர்கள் கைக்கு என்று தீர்ப்பு சொன்னது.

2006 பாலியல் குற்றச் சட்டம் வந்த கதையும் இதே மாதிரிதான். நாடாளுமன்ற நியமன உறுப்பினரான ஞோக்கி ந்துங்கு கொண்டுவந்த மசோதா அது. நாடாளுமன்ற விவாதத்தில் ஓர் உறுப்பினர், நம் பெண்கள் வேண்டாம் என்று சொல்வதே வேண்டும் என்ற அர்த்தத்தில்தான் என்கிற மாதிரி பேச, பெண் உறுப்பினர்கள் எழுந்து வெளியே போனார்கள். மசோதா நிறைவேற வேண்டும் என்பதற்காகப் பல விஷயங்களை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. சம்மதப் பிரிவு கணவன் மனைவிக்குப் பொருந்தாது என்ற விதிவிலக்கு ஒன்று. புகார் பொய் என்று ஆனால் குற்றவாளிக்குரிய அதே தண்டனை புகார் கொடுத்தவருக்கு என்ற 38-ஆவது பிரிவு இன்னொன்று, எத்தனை பேர் அந்தப் பயத்திலேயே காவல் நிலையத்துக்குப் போகாமல் இருந்திருப்பார்கள். 2012-ல்தான் அதை நீக்கினார்கள். 2002-ல் கார் கடத்தலில் வன்முறைக்கு ஆளாகி மீண்ட வங்கு கஞ்சா 2005-ல் தன் பெயரிலேயே அமைப்பு தொடங்கி, பின்னால் நாடு முழுவதும் மீண்டவர்களின் வலைப்பின்னலைக் கட்டினார். உங்கள் சக ஊழியர் வேலை செய்வதும் இப்படியான ஓர் அமைப்பாகத்தான் இருக்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் சுமையை மற்றவர் தாங்குவது கிகுயுப் பெண்களுக்குப் புதிது இல்லை. வயல் வேலை, வீடு கட்டும் வேலை, பிள்ளைப்பேறு எல்லாவற்றுக்கும் அவர்களுக்குக் குழு உண்டு. "கமுயிங்கி கோயாகா ந்திரி", சின்னக் கூட்டம் சேர்ந்தாலும் உரலைத் தூக்கிவிடும் என்பார்கள்.

கிகுயுச் சிறுமிகளுக்குச் சடங்காகச் செய்துவந்த பெண் உறுப்புச் சிதைப்பைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். 1929-ல் மிஷன் சபைகள் அதைத் தடுக்கக் கிளம்பி, சம்மதிக்காதவர்களைச் சபையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் நீக்கியதில், அது நிலத்துக்கும் சுயமரியாதைக்குமான போராட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பக்கமும் ஆண்களே கத்தினார்கள், சிறுமிகளை யாரும் கேட்கவில்லை. 2011 முதல் அது நாடு முழுக்கக் குற்றம். பக்கத்து தாரக்கா மக்களிடம் 1996-ல் வெட்டு இல்லாமல், சிறுமிகளுக்குப் பாடம், பாட்டு, ஊர் விருந்து என்று சடங்கின் மற்ற எல்லாவற்றையும் வைத்துக்கொண்ட முறை தொடங்கியது. மரபை விரும்பும் பெண்கள் மரபைத் திருத்துவது பெரும்பாலும் இப்படித்தான்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இல்லை, பெரியவர்கள் பேசி முடித்தால் வழக்கு முடியாது. 2010 அரசியலமைப்பின் 159-ஆவது பிரிவு மரபுவழித் தீர்வு முறைகளை ஊக்குவிக்கிறது, ஆனால் அடிப்படை உரிமைகளை மீறும் வகையில் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பாலியல் குற்றச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி விசாரணையையோ வழக்கையோ கைவிடும் முடிவு அரசு வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநரிடம் மட்டுமே, உள்ளூர் போலீஸ்காரருக்கே அந்த அதிகாரம் கிடையாது, கியாமாவுக்கு எப்படி இருக்கும். அப்பா ஆடு வாங்கிக்கொண்டார் என்பது எதிர்வாதமே ஆகாது. வன்புணர்வுக்குக் குறைந்தது 10 வருஷம், பதினொரு வயது வரையுள்ள குழந்தை என்றால் ஆயுள்.

யாருக்காவது உதவ வேண்டி வந்தால் முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், போலீஸ் அப்புறம். சிகிச்சைக்குக் காவல் நிலையக் கடிதம் தேவையில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் இன்னும் நல்லது. போட்டிருந்த உடையைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையில் போடாமல், காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். மருத்துவமனையில் சிகிச்சையைப் பதிவு செய்யும் பி.ஆர்.சி. படிவம், அதன் பிறகு போலீஸில் காயங்களுக்கான மருத்துவ அறிக்கையான பி3 படிவம், இரண்டின் நகலும் பாதிக்கப்பட்டவரிடமே இருக்கட்டும், வீட்டுப் பெரியவர்களிடம் வேண்டாம். 1195 இலவச உதவி எண், நாள் முழுக்க எடுப்பார்கள், குழந்தைகளுக்கு 116. உங்கள் சக ஊழியரிடமே கேளுங்கள், பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்கு நம் இருவரையும் விட நன்றாகத் தெரிந்திருக்கும்.